மலிவு விலைக் கிட்டாரின் நாதத்தைக் கூட்ட முடியுமா?

புதிதாக வாங்கிய மலிவு விலை அகூஸ்டிக் கிட்டார் ஏன் தட்டையாக ஒலிக்கிறது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று கிட்டார் கற்கத் தொடங்கும் அனேகமாக எல்லோரும் கேட்கிறார்கள். 3,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை கொடுத்து வாங்கிய கருவி கடையில் இனிமையாகக் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அடிக்கம்பிகள் மந்தமாகவும் மேல்கம்பிகள் தகரத்தைத் தட்டுவது போலவும் தோன்றத் தொடங்கும். கேள்வி எளியது, ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மரம்தான் எல்லாம் என்பார் ஒருவர். வாசித்துக்கொண்டே இருந்தால் தானே திறக்கும் என்பார் இன்னொருவர். கம்பியை மாற்றினால் போதும் என்பவர்களும் உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வரலாறும், ஓரளவு உண்மையும், ஒரு பலவீனமும் இருக்கின்றன.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கிளையும் சேர்ந்துகொள்கிறது. மழை குறைந்த இந்தச் சீமையின் வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் இடம் கொடுத்தது. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். குச்சியும் மருந்தும் காய்வதற்கு இந்த ஊரின் காற்று தோதாக இருந்தது. இன்று அதே கொல்கத்தா இந்தியாவின் மலிவு விலைக் கிட்டார்கள் உருவாகும் முக்கியமான ஊர். கிவ்சன், ஹாப்னர், சிக்னேச்சர் போன்ற பெயர்கள் அங்கிருந்து வருபவை. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்யப்பட்டு வருபவையும் கடைகளில் ஏராளம். எங்கே செய்யப்பட்டாலும், கருவி வந்து சேர்வது பட்டாசு மருந்தைக் காயவைக்கும் காற்றுக்குள். இந்த விஷயத்தைப் பொதுவான கிட்டார் ஆலோசனைகள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

மரம்தான் நாதம் என்ற கட்சி

இதுவே மிகப் பழைய பதில், செல்வாக்கும் இதற்குத்தான் அதிகம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் என்பது நமக்குப் பழகிய உண்மை. அதுபோலவே கிட்டாருக்கு மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகை ஈட்டி என்ற இலக்கணம் மேற்கில் 19ஆம் நூற்றாண்டிலேயே உறுதிப்பட்டது. பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. தமிழில் தோதகத்தி என்றும் அழைக்கப்படும் இந்த மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. திருவில்லிபுத்தூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் அதே மலைத்தொடரின் மரம் உலகத்தின் உயர்ந்த கிட்டார்களுக்குப் பின்பலகை ஆகிறது. மலையடிவாரத்து மாணவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் லிண்டன் அல்லது வேறு மென்மையான மரத்தால் ஆன ப்ளைவுட்.

இந்தக் கட்சிக்கு வலுவான இயற்பியல் காரணம் உண்டு. கம்பி மிக மெல்லியது, தானாக அதிகக் காற்றை அசைக்காது. அதன் அசைவைப் பிரிட்ஜ் வழியாக வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது மேல்பலகை. பலகை இலேசாகவும் விறைப்பாகவும் இருந்தால் கொடுத்த விசைக்கு நிறைய ஒலி கிடைக்கும். ப்ளைவுட்டில் ஒரு அடுக்கின் நார் நீளவாக்கிலும் அடுத்ததன் நார் குறுக்காகவும் ஓடுகின்றன. நடுவே பசை இருக்கிறது. மேலே பாலியஸ்டர் பூச்சு தடிமனாகப் படிந்திருக்கிறது. கம்பிகள் இழுக்கும் 60, 70 கிலோ விசையைத் தாங்கவும், திருப்பி வரும் சரக்கைக் குறைக்கவும், உள்சட்டங்களைத் தேவைக்கு மேல் கனமாக வைக்கிறார்கள். இவை எல்லாம் சேர்ந்து பலகையின் அசைவைக் கட்டுப்படுத்துகின்றன. அடிக்கம்பியின் ஆழம் குறைவாகக் கேட்பதற்கு இதுவே பெரிய காரணம்.

ஆனால் மரத்தின் பெயருக்கும் நாதத்துக்கும் உள்ள உறவு மக்கள் நம்பும் அளவுக்கு நேரானது அல்ல. ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரஸ், நவீன கிட்டாரின் வடிவத்தை வகுத்தவர், 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையால் செய்து, மேலே மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் வைத்து ஒரு கிட்டார் செய்தார். நாதத்தைத் தருவது மேல்பலகைதான் என்று காட்டுவதே அவர் நோக்கம் என்று கொள்ளப்படுகிறது. அந்தக் கருவி இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காகிதக் குழாய் சுற்றியே பிழைக்கும் ஊரான சிவகாசியில் இந்தத் தகவலுக்குத் தனி ருசி உண்டு. 1995இல் அமெரிக்காவின் பாப் டெய்லர் சரக்கு ஏற்றும் பலகைத் தட்டின் மரத்திலிருந்தே ஒரு கிட்டார் செய்து காட்டினார், வேலைத்திறன் மரத்தின் பெயரைவிடப் பெரிது என்பதற்காக.

இவை செய்து காட்டல்கள்தான், சோதனை என்று சொல்ல முடியாது. சோதனை என்று சொல்லத்தக்கது 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. ராஜர் பக்னால் என்ற கைவினைஞர் பின்பலகையும் பக்கங்களும் மட்டும் மாறுபடும் ஆறு கிட்டார்களைச் செய்து கொடுத்தார். பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் ஆகியவை அந்த ஆறு மரங்கள். வெல்டிங் கண்ணாடி போட்டு, மங்கிய வெளிச்சத்தில், 52 கிட்டார் கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பெண் இட்டார்கள். மதிப்பெண்களில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதும் வாசித்தவர்களுக்குக் கடினமாகவே இருந்தது.

இதை அளவோடுதான் படிக்க வேண்டும். அங்கே மாறியது பின்பலகையும் பக்கங்களும் மட்டும். மேல்பலகை எல்லாவற்றிலும் நல்ல சிட்கா ஸ்ப்ரூஸ், செய்தவர் தேர்ந்த கை. ப்ளை மேல்பலகையும் முழுப் பலகையும் ஒன்றுதான் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. கடையில் ‘ஈட்டி பின்பலகை’ என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்குமுன் யோசிக்கலாம் என்பது வரைதான் அது நம்மைக் கொண்டுபோகிறது.

இந்தக் கட்சியின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. இது வாங்குவதற்கு முன் உதவும் அறிவு, வாங்கிய பின் இதைக் கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. மேல்பூச்சைத் தேய்த்து மெலிதாக்குவது, ஒலித்துளை வழியே கையை விட்டு உள்சட்டங்களைச் செதுக்குவது போன்ற யோசனைகளை அனுபவம் இல்லாதவர் செய்து பார்த்தால் கருவியே போய்விடும்.

வாசிக்க வாசிக்கத் திறக்கும் என்ற கட்சி

கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலா வீணைக்கு உகந்தது என்று சொல்லும் வழக்கு உண்டு. ஒலி மரத்தைப் பழக்குகிறது என்ற இந்த நம்பிக்கை மேற்கிலும் உண்டு, பழைய வயலின்களைப் பற்றி. அதன் அறிவியல் வடிவத்துக்கு வலு சேர்த்தது, 1996இல் ‘நேச்சர்’ இதழில் டேவிட் ஹன்ட்டும் எமானுவேல் பால்சனும் எழுதிய குறிப்பு. ஈரப்பதம் மிகுந்த நிலையில் ஸ்ப்ரூஸ் பட்டைகளைத் தொடர்ந்து அதிரவைத்தபோது அவற்றின் விறைப்பு கூடியது, அதிர்வை விழுங்கும் குணம் குறைந்தது என்று அவர்கள் கண்டார்கள். பின்னர் இந்தக் கருத்தின்மேல் ஒரு வணிகமே கிளைத்தது. கம்பிகளின்மேல் பொருத்தி நாள்கணக்கில் அதிரவிடும் மின்கருவிகள் விற்பனைக்கு வந்தன.

மரத்துண்டில் கண்டது முழுக் கருவியில் காதுக்குக் கேட்கிறதா என்று சோதித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே கிடைத்தது. சிட்னியில் ஒரே கைவினைஞர் ஒரே மரத்தில் செய்த இரண்டு வயலின்களில் ஒன்றைக் கலைஞர் ஒருவர் மூன்று ஆண்டுகள் வாசித்தார், மற்றது அருங்காட்சியகத்தில் இருந்தது. 2005இல் வெளியான முடிவில், வாசித்தவர்களும் கேட்டவர்களும் அவற்றுக்கிடையே கணிசமான வேறுபாட்டைக் காணவில்லை. ஒத்த கிட்டார் ஜோடிகளில் ஒன்றை மட்டும் அதிர்வுக் கருவிக்கு உட்படுத்திப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வும் அதே முடிவுக்கே வந்தது.

ஆறு மாதம் வாசித்ததும் கிட்டார் இனிக்கிறது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவர் விரல் கம்பியை ஃப்ரெட்டுக்கு மிக அருகே, சரியான அழுத்தத்தில் பிடிக்கக் கற்றிருக்கும். வலது கை எங்கே மீட்டினால் உருண்டையாக வரும் என்று கண்டிருக்கும். கருவி மாறியதையும் ஆள் மாறியதையும் தனித்தனியே பிரிக்காதவரை இந்தச் சாட்சியங்களுக்கு ஆய்வில் மதிப்பு குறைவு. ப்ளைவுட் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் மெலிகிறது, ஏனெனில் அங்கே அசைவைப் பிடித்து வைப்பவற்றில் பசையும் பூச்சும் அடக்கம்.

கம்பியும் கையும்

மலிவுக் கிட்டாரோடு வரும் கம்பிகள் ஆலையிலும் கிடங்கிலும் கடைச்சுவரிலும் பல மாதம் கிடந்தவை. புதுக் கம்பி போட்டதும் ஒலி பளிச்சென்று மாறுவதை யாரும் மறுப்பதில்லை. சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் வியர்வையும் தோலும் தூசியும் போய் அடைய, உச்ச ஒலிக்கூறுகள் விரைவில் அடங்கிவிடுகின்றன. கம்பி மங்குவதற்கு முக்கியக் காரணம் அதுதான். வெயில் காலத்தில் கை வியர்க்கும் ஊரில் இது சீக்கிரமே நடக்கும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து வைத்தால் அதன் ஆயுள் கூடும்.

கம்பியின் உலோகமும் பருமனும் கேட்கும்படியான மாற்றம் தருகின்றன. 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்த சுற்று பளிச்சென்று ஒலிக்கும். 1974இல் டடாரியோ நிறுவனம் கொண்டுவந்த பாஸ்பர் பிரான்ஸ் சற்று வெதுவெதுப்பாக ஒலிக்கும், மெதுவாக மங்கும். பன்னிரண்டாம் எண் கம்பித்தொகுதி மொத்தம் 73 கிலோ அளவுக்கு இழுக்கும், பத்தாம் எண் ஏறத்தாழ 60 கிலோ. தடித்த கம்பி கனமான பலகையை நன்றாக உசுப்பும் என்பது சரிதான். ஆனால் ஒட்டு பலமில்லாத பிரிட்ஜை அது கிளப்பவும் கூடும். முதலில் பதினொன்றாம் எண் போட்டுப் பார்ப்பது நிதானமான வழி.

எந்த ஒலி நல்ல ஒலி என்பதும் இடத்தைப் பொறுத்தது. ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கிறவருக்குப் பளிச்சென்ற, மெலிந்த நாதமே தேவைப்படலாம். வீட்டில் தனியாக விரலால் மீட்டுகிறவர் ஆழத்தைத் தேடுவார்.

கம்பி தொடும் இடங்கள்

என் மதிப்பீட்டில் மிக முக்கியமான, ஆனால் புதிதாக வாங்குகிறவர் கடைசியாகக் கேள்விப்படும் பதில் இது. நமக்கு அது அந்நியமான கருத்தும் அல்ல. தம்புராவின் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஜீவாளி நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால், அடங்கிக் கிடந்த கம்பி ரீங்கரித்து எழுவதை இசை கேட்கும் எவரும் அறிவர். மரம் அதேதான், கம்பியும் அதேதான், மாறியது தொடும் இடம் மட்டும். கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி. வி. ராமன் 1921இல் இந்தியத் தந்திக் கருவிகள் பற்றிய கட்டுரையில் இதை ஆராய்ந்தார். கம்பி தட்டையான குதிரையை உரசியபடி அதிர்வதால், பழைய விதிப்படி எழக்கூடாத மேல்சுரங்களும் வீணையிலும் தம்புராவிலும் எழுகின்றன என்று அவர் காட்டினார்.

கிட்டாரில் வேண்டுவது இதற்கு நேர்மாறு. கம்பி ஒரே புள்ளியில் தெளிவாக உட்கார வேண்டும், உரசக்கூடாது. ஆனால் பாடம் ஒன்றே. கம்பி நட்டிலும் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட கட்டை) ஃப்ரெட்டிலும் சாடிலிலும் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) எப்படித் தொடுகிறது என்பது, பலகை எந்த மரம் என்பதற்கு முன்பாகவே நாதத்தின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. மலிவு விலைக் கருவியில் ஆலை மிச்சம் பிடிப்பதும் இங்கேதான். மரம் வெட்டுவதை இயந்திரம் செய்துவிடும். நட்டின் பள்ளத்தை அரத்தால் ஒவ்வொன்றாக ஆழப்படுத்த ஆளும் நேரமும் வேண்டும். கம்பி இரைகிறது என்ற புகார் வராதிருக்க எல்லாவற்றையும் உயரமாகவே விட்டு அனுப்புகிறார்கள்.

நட் உயரமாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடும், சுருதி ஏறும். வெறும் கம்பிகளைச் சரியாகச் சேர்த்திருந்தும் எஃப், சி, டி கார்டுகள் பிசிறடிக்கும். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஐந்தாறு பங்கு விலகினாலே பழகிய காது முகம் சுளிக்கும். ‘நாதம் நன்றாக இல்லை’ என்று மாணவர் சொல்லும் குறைகளில் ஒரு பகுதி உண்மையில் சுருதிக் குறையே. மரத்தைக் குறை சொல்லுமுன் இதைப் பார்த்தாக வேண்டும்.

பார்ப்பதற்கு அச்சு ஊரில் கருவிக்குப் பஞ்சமில்லை. 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. சிவகாசியில் ஜிஎஸ்எம் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த அளவை, எந்த அச்சகத்திலும் வெட்டுத்துண்டு கிடைக்கும். கிட்டாரைச் சரியாகச் சுருதி சேர்த்து, கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் கம்பியை உரசிக்கொண்டு போனால் நட் சரியான உயரத்தில் இருக்கிறது. நான்கைந்து தாள் தாராளமாகப் போனால் பள்ளம் ஆழம் போதாது.

அடுத்து கழுத்து. அடிக்கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். நடுவில், ஆறு ஏழாம் ஃப்ரெட் அருகே, இரண்டு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதுமானது. அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று முறுக்கி, ஒருநாள் விட்டுப் பிறகு பார்க்க வேண்டும். இந்த உலோகத் தண்டுக்கான காப்புரிமை கிப்சன் நிறுவனத்துக்கு 1923இல் கிடைத்தது, இன்று மலிவுக் கிட்டார்கள் பலவற்றிலும் அது இருக்கிறது. சாவி சுற்ற மறுத்தால் வற்புறுத்தக் கூடாது.

கடைசியாகத்தான் சாடில். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் அடிக்கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. என்பது பொதுவாக வசதியான உயரம். புதுக் கருவிகளில் 3.5 மி.மீ. இருப்பது சாதாரணம். பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதி என்பதால், அங்கே 1 மி.மீ. குறைய வேண்டுமானால் சாடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும். சாடிலை உருவி, அடியில் பென்சிலால் கோடிட்டு, சமதளக் கண்ணாடியின்மேல் உப்புத்தாளை ஒட்டி, சாய்க்காமல் நேராகப் பிடித்துத் தேய்க்க வேண்டும். எடுப்பதை எப்போதும் அடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அடிப்புறம் வளைந்துவிட்டால் கம்பியின் அசைவு பலகைக்குச் சரியாக இறங்காது. பள்ளத்தில் சாடில் தொளதொளவென்று சாய்ந்திருந்தாலும் அதே குறை வரும். கம்பியின் உருண்டை முனை உள்பலகையை இறுகத் தொட்டு நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இந்தக் கட்சியிலும் மிகை உண்டு. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு எலும்புச் சாடில் போட்டால் நாதம் வேறு உலகத்துக்குப் போகும் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். உள்ளீடற்ற மென்பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியான பொருள் உச்ச ஒலிகளைக் குறைவாக விழுங்கும் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் அவர்கள் புதுச் சாடிலைப் போடும்போது அதைச் சரியாக இழைத்துப் பொருத்துகிறார்கள், கூடவே புதுக் கம்பியும் போடுகிறார்கள். மூன்று மாற்றங்களின் பலனையும் எலும்பின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. பிரிட்ஜில் கம்பியைப் பிடித்து வைக்கும் பின்களைப் பித்தளையில் போடுவது பற்றிய சான்று இதைவிடவும் மெலிது. கனம் கூடினால் பலகையின் அசைவு குறையும் என்ற எதிர்வாதமும் இருக்கிறது.

வறண்ட காற்றின் கணக்கு

பெரும்பாலான கிட்டார் தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். இந்த வட்டாரத்தின் கோடைப் பிற்பகலில் அது 40க்கும் கீழே இறங்கக்கூடும். ஐப்பசி அடைமழையில் 80ஐத் தாண்டும். 30 டிகிரி வெப்பத்தில், 40 சதவீத ஈரப்பதக் காற்றோடு நெடுநாள் இருந்த மரத்தில் 7 முதல் 8 சதவீதம் நீர் நிற்கும். 80 சதவீதக் காற்றில் அது 15, 16 ஆகிறது. கிட்டாரின் அகன்ற பகுதி 40 செ.மீ. அளவில் இருக்கிறது. கட்டுப்பாடில்லாத ஸ்ப்ரூஸ் பலகை இந்த இரு எல்லைகளுக்கிடையே அகலவாக்கில் 4 மி.மீ. வரை சுருங்கி விரியும். பூச்சு தடுப்பதாலும் நாளுக்குள் காற்று மாறிக்கொண்டே இருப்பதாலும் முழு அளவும் நிகழாது. ஆனால் விளிம்பெல்லாம் ஒட்டப்பட்ட பலகைக்கு அதில் கால்பங்கே வெடிப்பு விடப் போதும்.

இங்கேதான் மரக் கட்சியின் தரவரிசை தலைகீழாகிறது. முழுப் பலகை வைத்த நடுத்தர விலைக் கிட்டார் ஈரப்பதம் பேணப்படாத வீட்டில் வெடிப்பு விடலாம். குறுக்கு அடுக்குகள் பிடித்து வைத்திருப்பதால் ப்ளை பலகை அதே கோடையைத் தாங்கிவிடும். காலநிலையைச் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பகுதியின் தொடக்கநிலை மாணவருக்கு ப்ளை கிட்டார் தாழ்ந்த தேர்வு அல்ல என்று நான் கருதுகிறேன்.

தாங்கும் என்பதற்காக மாறாமல் இருக்கும் என்று பொருளல்ல. விரல்பலகை சுருங்கும்போது ஃப்ரெட் முனைகள் வெளியே துருத்திக் கையைக் கீறும். கோடையில் மேல்பலகை சற்றே தணியும், கம்பியும் தாழும், இரைச்சல் வரும். மழைக்காலத்தில் பலகை உப்பிக் கம்பி உயரும், ஒலியும் மந்தமாகும், ஏனெனில் ஈரம் ஏறிய மரம் அதிர்வை அதிகமாக விழுங்குகிறது. சித்திரையில் நட், கழுத்து, சாடில் பார்த்துச் செய்த செட்டப் கார்த்திகையில் சரியாக இருக்காது என்பதே இதன் பொருள். கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று இரண்டு சாடில்கள் வைத்துக்கொள்வது கருவி செய்பவர்கள் நெடுநாளாகச் சொல்லும் வழி. விலையும் அதிகமில்லை.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வெளியூரிலிருந்து வந்த தாளை உடனே மெஷினில் ஏற்றினால், அது அறைக் காற்றுக்கு ஏற்ப நீண்டோ சுருங்கியோ பலவண்ண அச்சில் ரெஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது, விலகிவிடும். அதனால் தாளை அறையிலேயே கிடக்கவிட்டுப் பழக்குகிறார்கள். புதுக் கிட்டாரையும் இரண்டு மூன்று வாரம் வீட்டுக் காற்றில் இருக்கவிட்டு, பிறகு நட்டையும் சாடிலையும் தொடுவதே முறை. வந்த அன்றே தேய்த்துவிட்டால், சுருங்கிய பின் மறுபடி உயர்த்த வழியில்லை.

பராமரிப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. சில நூறு ரூபாய் ஈரப்பதமானி ஒன்று, துளையிட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்சு ஒன்று, மூடிய உறை ஒன்று இருந்தால் கோடையைக் கடந்துவிடலாம். மழைக்காலத்தில் ஸ்பாஞ்சை எடுத்துவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விடவே கூடாது. அங்கே ஏறும் சூட்டில் பிரிட்ஜின் பசை இளகும். பிரிட்ஜின் பின்விளிம்பில் தாளின் முனை நுழைகிறதா என்று அவ்வப்போது பார்த்தால் கிளம்பத் தொடங்கியிருப்பதை முன்பே கண்டுபிடிக்கலாம்.

திறந்து நிற்பவை

நட், கழுத்து, சாடில் சரிசெய்வதன் பலன் அளந்து காட்டத்தக்கது, அதை ஐயமின்றிப் பரிந்துரைக்கலாம். கம்பியின் பலனும் உறுதியானது, ஆனால் தற்காலிகமானது. பின்பலகை மரம் பற்றிய நம்பிக்கையைச் சோதனைகள் பெரிதும் தளர்த்திவிட்டன. மேல்பலகையின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ப்ளை கருவியை நன்கு செட்டப் செய்த பின்னும் அதற்கும் முழுப் பலகைக் கருவிக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. கண்ணை மறைத்து நடத்திய பெயர்பெற்ற சோதனைகள் விலை உயர்ந்த வயலின்களையும் கைவினைக் கிட்டார்களையும் பற்றியவை. உலகில் மிக அதிகமாக விற்கும் மலிவுக் கருவிகளுக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் இசைக்குள் முதல் அடி வைப்பவர்கள் வாங்குவது அவற்றைத்தான்.

மரம் பழகுவது பற்றிய கேள்வியும் முழுதாக மூடப்படவில்லை. ஹன்ட்டும் பால்சனும் கண்ட விளைவு ஈரம் மிகுந்த நிலைக்குரியது. ஆண்டின் ஒரு பாதியில் காய்ந்தும் மறுபாதியில் ஊறியும் கிடக்கும் கருவியில் அது எப்படி நடக்கும் என்று சிட்னி சோதனையைக் கொண்டு சொல்ல முடியாது. அங்கே அருங்காட்சியகத்தில் வைத்த வயலின் காலநிலை கட்டுப்படுத்தப்பட்ட அறையில் இருந்தது.

அப்படிக் காய்ந்தும் ஊறியும் கிடக்கும் கருவி எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சோதனையை இந்த மாவட்டத்திலேயே செய்ய முடியும். ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி ப்ளை கிட்டார்கள் இரண்டு, அவற்றோடு முழுப் பலகைக் கிட்டார்கள் இரண்டு. நான்குக்கும் ஒரே கம்பி, ஒரே செட்டப். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை ஸ்பாஞ்சு வைத்த உறையிலும் மற்றதைச் சுவர் ஆணியிலும் விட வேண்டும். தையிலிருந்து மார்கழி வரை மாதம் ஒருமுறை பன்னிரண்டாம் ஃப்ரெட் உயரத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் குறித்து, ஒரே அறையில் ஒரே தூரத்தில் வைத்த மைக்கில் பிரிட்ஜைத் தட்டும் ஒலியைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு கல்லூரி இயற்பியல் துறையும், பொறுமையுள்ள நான்கு மாணவர்களும் போதும்.